வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட: உள் அறையா, தனிப் பகுதியா, சில நாள் விருந்தினரா?

பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், ஓர் அறை சும்மா கிடக்கிறது. அல்லது வீட்டுக் கடன் தவணை கழுத்தைப் பிடிக்கிறது, பின்பக்கம் பாதி இடத்தில் தட்டுமுட்டுச் சாமான்தான் குடியிருக்கிறது. வாடகைக்கு விட்டால் என்ன என்று தோன்றியதும் எல்லாரும் முதலில் செய்வது, அக்கம்பக்கத்தில் எவ்வளவு போகிறது என்று விசாரிப்பது. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு தாளில் மூன்று வரி எழுதினேன்: அறையாக விட்டால் இவ்வளவு, தனிப் பகுதியாகப் பிரித்தால் இவ்வளவு, சில நாள் தங்கிப் போகிறவர்களுக்கு விட்டால் இவ்வளவு. தனிப் பகுதிக்குத் தடுப்புச் சுவரும் குளியலறையும் கட்டச் செலவு வந்தது, அதை அடித்தேன். விருந்தினர் கணக்கு நம்பும்படி இல்லை, அதையும் அடித்தேன். மிஞ்சியது அறை. பைசா செலவில்லாமல் வருமானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தாளில் எழுதாமல் விட்ட விஷயங்கள்தான் பிறகு தினமும் காலையில் முன்னால் வந்து நின்றன.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் வேறு மாதிரி எண்ணச் சொல்கிறேன். வாசல், குளியலறை, சமையலறை, மின்சார மீட்டர், சுவர். இந்த ஐந்தில் எத்தனையை வருகிறவரோடு பங்கு போடப் போகிறீர்கள்? உள் அறை என்றால் ஐந்தும். தனி வாசல் வைத்துப் பிரித்த பகுதி என்றால் மீட்டரும் சுவரும். இன்னும் கொஞ்சம் செலவு செய்தால் சுவர் மட்டும். பங்கு கூடக் கூட, ஆளைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டிய கட்டாயமும் கூடும், அவர் தங்கும் நாட்களும் குறைவாக இருந்தால்தான் தாங்கும். வாடகைத் தொகையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உள் அறை

இதில் நல்லது என்னவென்றால் நாளைக்கே ஆரம்பிக்கலாம். கட்டில், அலமாரி, மேஜை, அறைக் கதவுக்கு ஒரு நல்ல பூட்டு. பிடிக்கவில்லை என்றால் முடித்துக்கொள்வதும் மற்றவற்றைவிட எளிது. வீட்டுக்காரரோடு ஒரே சமையலறையையும் குளியலறையையும் பயன்படுத்தித் தங்குகிறவரை, முழு வாடகைதாரருக்குள்ள பாதுகாப்போடு பல நாட்டுச் சட்டங்கள் பார்ப்பதில்லை. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் காலமும் பெரும்பாலும் குறைவுதான். முதல் தடவை விடுகிறவருக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் தங்கமான பையன். வாடகை ஒரு நாள் தவறியதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது: அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் மெதுவாக ஒரு தடவை இருமுவார். நாங்கள் கூடத்தில் எந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தாலும் சுதாரித்துக்கொள்ளட்டும் என்ற மரியாதைதான் அது. முதல் வாரம், எவ்வளவு இங்கிதம் என்று பேசிக்கொண்டோம். இரண்டாம் மாதம் அந்த இருமல் கேட்டதும் நானும் என் மனைவியும் பேச்சைப் பாதியில் நிறுத்தப் பழகிவிட்டோம். பணப் பேச்சு, பிள்ளைகளைப் பற்றிய பேச்சு, சண்டை எல்லாமே படுக்கையறைக்குள், கிசுகிசுப்பாக. அவர் பாவம், எங்களைத் தொந்தரவு செய்யாமலிருக்க எத்தனை நாள் அடக்கிக்கொண்டு உள்ளேயே இருந்தாரோ. ஆறாவது மாதம் வேறு இடம் கிடைத்துப் போனார். இரு தரப்புக்கும் நிம்மதி.

இதிலிருந்து உள் அறையே ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம். நான் கேட்ட கேள்விகள்தான் தப்பு. எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது நேரம். எத்தனை மணிக்கு எழுவீர்கள், குளிக்க எவ்வளவு நேரம், வீட்டிலிருந்து வேலை பார்ப்பது வாரத்தில் எத்தனை நாள், பார்க்க யார் வருவார்கள், சனி ஞாயிறு எங்கே இருப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு 'ஊருக்குப் போய்விடுவேன்' என்ற பதில் வந்தால் அவரை விடாதீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்காகத் தங்கி, வார இறுதியில் சொந்த வீட்டுக்குப் போகிறவர் முழு வாடகை தரமாட்டார்தான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வீடு உங்களுக்கே திரும்பக் கிடைக்கிறது. அந்த இரண்டு நாளுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். முதல் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் போடுங்கள். இரு தரப்பும் முகம் சுளிக்காமல் விலகிக்கொள்ள அந்தக் கெடு வழிவிடும்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுச் சத்தம் காற்று போகிற வழியெல்லாம் போகும். உள்ளே கூடாக இருக்கும் லேசான கதவும் அதன் அடியில் ஒரு விரல் இடைவெளியும் இருந்தால், நடுவில் கதவு இருந்தும் பயனில்லை. கனமான கதவு மாற்றி, அடியிலும் ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். எங்கள் வீட்டில் நான் செய்யாமல் விட்ட மிக மலிவான வேலை அதுதான்.

தனி வாசல் உள்ள பகுதி

செலவு இருக்கிறது; சட்டப்படி கையும் கொஞ்சம் கட்டப்படும். இருந்தும், முடிகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

முதலில் சட்டம். ஓர் இடத்தை ஒருவர் மட்டுமே அனுபவிக்கும்படி, ஒரு காலத்துக்கு, வாடகைக்குக் கொடுத்தால் பொதுவாக அவர் வாடகைதாரர். தாளில் என்ன பெயர் எழுதினாலும் அது மாறாது. இதற்கு 1985-இல் பிரிட்டனில் வந்த 'ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட்' தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். வீட்டுக்காரரே ஒரு வழக்கறிஞர். ஒப்பந்தத்துக்கு 'தங்கும் அனுமதி' என்று பெயர் வைத்து, வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு எனக்கு இல்லை என்று குடிவந்த பெண்ணிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நீதிபதி டெம்பிள்மேன் பிரபு அதை ஏற்கவில்லை. ஐந்து பல் வைத்துத் தோண்டும் கருவியைச் செய்துவிட்டு, நான் செய்தது மண்வெட்டி என்று ஒருவர் சாதித்தாலும் அது மண்வெட்டி ஆகிவிடாது என்கிற மாதிரி ஓர் உவமை சொன்னார். 'அனுமதிப் பத்திரம் என்று போட்டுக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம்' என்று யாராவது குறுக்குவழி சொன்னால் அந்த மண்வெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அந்தப் பகுதிக்குள் இனி நீங்கள் நினைத்தபோது நுழைய முடியாது என்பதும் இதிலேயே அடக்கம். குழாய் பார்க்கவேண்டும் என்றாலும் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். பல இடங்களில் சட்டமே 24 மணி நேர முன்னறிவிப்பு கேட்கிறது. சொந்த வீட்டில் முன் அனுமதியா என்று மனம் முரண்டுபிடிக்கும். அந்த முரண்டு எனக்குத் தணியச் சில மாதங்கள் ஆயின.

பிரிக்கும்போது உள்ளே இருக்கும் இணைப்புக் கதவை என்ன செய்வது? இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போடலாம், அடைத்தே விடலாம். ஆனால் அதற்கு முன், தீப்பிடித்தால் அவர்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்று அந்தப் பகுதியில் நின்று ஒரு தடவை பாருங்கள். நீங்கள் அடைக்கப் போகிற கதவுதான் அவர்களுடைய இரண்டாவது வழியாக இருந்தால், அதற்கு மாற்று வழி செய்யாமல் அடைக்கக்கூடாது. புகை எச்சரிக்கைக் கருவி இரு பக்கமும் வேண்டும். எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கருவி அவர்கள் பகுதியில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

அடுத்தது மீட்டர். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால், மாதக் கடைசியில் யார் எவ்வளவு என்ற பேச்சு வந்தே தீரும். இதில் வேடிக்கை, சண்டை வருவது கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்காகத்தான். படிக்கட்டு விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறதே என்று ஒருவர் ஆரம்பிப்பார். கணக்குப் பாருங்கள்: 9 வாட் எல்இடி பல்பு தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்கூட ஆகாது. 2000 வாட் வெந்நீர்க் கருவி தினம் அரை மணி நேரம் ஓடினால் 30 யூனிட். அது குளியலறைக்குள் இருப்பதால் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பொது மீட்டரைச் சரிபாதி போட்டுக்கொள்வது என்று பேசினால், சிக்கனமாக இருக்கிறவருக்கு அது தண்டனை. வாடகையோடு மின்சாரமும் சேர்த்தி என்றால், நாள் முழுக்க அறையைச் சூடாக்கவோ குளிரவைக்கவோ ஓடும் இயந்திரத்துக்கு நீங்கள்தான் பணம் கட்டவேண்டும். தகுதியுள்ள மின்பணியாளரை வைத்து ஒரு சப்-மீட்டர் போட்டுவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. சப்-மீட்டர் கணக்கில் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்குச் சில இடங்களில் வரம்பு உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சுவரும் தளமும். பேச்சுச் சத்தத்துக்குக் கதவு, ரப்பர் என்று மருந்து இருக்கிறது. நாற்காலியை இழுக்கிற சத்தமும் குதிகால் சத்தமும் கட்டடத்துக்குள்ளேயே ஓடி வருபவை. கீழ்வீட்டுக் கூரையில் என்ன ஒட்டினாலும் முழுசாக நிற்காது. சத்தம் பிறக்கிற இடத்தில்தான் வைத்தியம்: மேலே தடித்த விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு. மேல்தளம் கீழ்தளம் எனப் பிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முழங்கால் ஒத்துழைத்தால் மேலே நீங்கள் இருங்கள். அப்போது புகார் அவர்களிடமிருந்து உங்களுக்கு வரும், உங்கள் நாற்காலிக்கு நீங்களே துண்டு ஒட்டிவிடலாம். கீழே இருந்தால் அவர்கள் நடக்கிற ஒவ்வொரு அடியும் உங்களுக்குக் கேட்கும், நாளடைவில் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரராகிவிடுவீர்கள்.

சில நாள் விருந்தினர்

2007 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ப்ரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு அறைத் தோழர்களுக்கு வாடகை கட்டப் பணம் போதவில்லை. நகரில் வடிவமைப்பாளர் மாநாடு நடந்தது, விடுதிகள் நிரம்பியிருந்தன. காற்றடிக்கிற மெத்தைகள் மூன்றை வீட்டில் விரித்துப் படுக்க இடம் கொடுத்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். வீட்டைச் சில நாளுக்கு வாடகைக்கு விடுகிறவரையும் தங்க வருகிறவரையும் இணைக்கிற ஏர்பிஎன்பி இணையதளம் அப்படித்தான் தொடங்கியது, பெயரில் உள்ள 'ஏர்' அந்த மெத்தையில் அடைத்த காற்று. என் ஐந்து எண்ணிக்கையில் வைத்துப் பார்த்தால் அவர்கள் ஐந்தையும் பங்கு போட்டார்கள். வந்தவர்கள் சில இரவுகளில் கிளம்பிவிட்டதால் தாங்கியது.

இந்த வழியின் பலமும் அதுதான். பிடிக்காத விருந்தினர் நாளை மறுநாள் போய்விடுவார். மகள் வருகிற மாதம் அறையைத் தேதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மாத வாடகைதாரரிடம் அதைக் கேட்க முடியாது.

பலவீனம் உடம்பு உழைப்பில் தெரியும். ஓர் இரவுக் கட்டணம், மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பத்து இரவு நிரம்பினால் மாத வாடகைக்குச் சமம், 15 இரவு நிரம்பினால் ஒன்றரை மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆளுக்கு இரண்டு இரவு வீதம் 15 இரவுக்கு ஏழெட்டுப் பேர் வந்து போவார்கள். ஒவ்வொருவர் போனதும் விரிப்பு, துண்டு, குளியலறை, குப்பை, அடுத்தவருக்குச் சாவி என்று மூன்று மணி நேரம் பிடித்தால், மாதத்துக்கு 24 மணி நேரம் வரை வேலை. தளத்தின் கமிஷன், தேய்மானம், காலியாகப் போன மாதங்கள் எல்லாம் கழிய வேண்டும். இது வாடகை வருமானம் என்பதைவிடச் சின்ன விடுதி நடத்துவது. மனிதர்களோடு பேசப் பிடித்தவர்களுக்கும், பகலில் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பத்துக்கும் சரி. எனக்குச் சரிப்படாது.

விதிகள் வேறு இறுகிக்கொண்டே வருகின்றன. நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக யாரையாவது பணம் வாங்கித் தங்கவைக்க வேண்டுமென்றால் நகராட்சியில் பதிவு வேண்டும், வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்கவேண்டும், பணம் கட்டித் தங்குபவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. எல்லா ஊரும் இப்படி இல்லை. ஆனால் நகராட்சியிடமும், அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்திடமும் கேட்காமல் மெத்தை வாங்காதீர்கள்.

ஆளே தங்காமல் விடுவது இன்னொரு வழி. பலருக்கு ஞாபகம் வருவதில்லை. வெளிப்பக்க அறையைச் சாமான் வைக்கவோ பகல் நேர அலுவலகமாகவோ கொடுக்கலாம். பணம் குறைவு, தூக்கம் கெடாது. சாமான் என்றால் எரியக்கூடிய திரவமும் பழைய பேட்டரிகளும் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கும் காகிதமும்

வாடகையை ஒப்பிடும்போது காலி மாதத்தை மறக்கவே கூடாது. வருஷத்தில் ஒரு மாதம் காலி என்றால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போயிற்று. அதிகம் கேட்டு இரண்டு மாதம் காத்திருந்தால் 16.7. ஏழெட்டுச் சதவீதம் குறைத்துக் கேட்கிற நல்ல ஆள் இன்றைக்கே வருகிறார் என்றால், பேரம் பேசி அனுப்பிவிட்டு ஒரு மாதம் கழித்து முழு வாடகை வாங்குவதில் முதல் வருஷம் லாபமே இல்லை. அந்த ஒரு மாதம் காலி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வாடகைக்கு ஆள் இருப்பதை மறைத்துவிட்டால், தண்ணீர்க் கசிவோ தீயோ நேரும்போது இழப்பீட்டை மறுக்க அது ஒரு காரணமாகலாம். கடன் கொடுத்த வங்கியின் பத்திரத்தில் அனுமதி வாங்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வாடகை பெரும்பாலான நாடுகளில் வரிக்கு உட்பட்ட வருமானம். சில நாடுகளில் சொந்த வீட்டை விற்கும்போது கிடைக்கும் வரிச் சலுகையும், வாடகைக்கு விட்ட பகுதிக்குக் குறையும். ஒரு தணிக்கையாளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

அட்வான்ஸ் தகராறு வருவது தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் உள்ள கோட்டில்தான். சுவர் வண்ணம் மங்குவது, ஆள் நடந்து நடந்து தரை வழுவழுப்பாவது தேய்மானம். அது வீட்டுக்காரர் செலவு. உடைந்த ஓடு, கதவில் விழுந்த ஓட்டை சேதம். குடிவருகிற அன்று இருவரும் சேர்ந்து ஒவ்வொரு சுவரையும், குழாயையும், கைத்தொட்டியின் விளிம்பையும் தேதியோடு படம் எடுத்து இருவர் கைப்பேசியிலும் வைத்துக்கொண்டால், இரண்டு வருஷம் கழித்து ஞாபகத்தை நம்பிச் சண்டை போட வேண்டியதில்லை. மீட்டர் எண்ணையும் அதோடு ஒரு படம்.

எங்கள் வீட்டில் அந்தப் பையன் போன பிறகு ஒரு வருஷம் அறை காலியாக இருந்தது. பிறகு பின்பக்கத்தில் குளியலறை கட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, தனி வாசல் வைத்தோம். செலவு திரும்ப வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம். உங்கள் வீட்டில் தனி வாசலுக்கு வழியே இல்லை, இருந்தும் பணம் அவசியம் என்றால், வார நாட்களில் மட்டும் தங்குகிற ஒருவரோடு மூன்று மாதம் ஆரம்பிப்பதே மேல்.

இப்போது பின்பக்கம் ஒரு கணவன் மனைவி இருக்கிறார்கள். குடிவந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'சார், தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் அலாரம் ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணிக்கு அடிக்கிறது.' கடிகாரம் தடுப்புச் சுவரை ஒட்டிய அலமாரியில் இருந்தது. எடுத்து எதிர்ப்பக்கத்து மேஜையில் வைத்தேன். ஞாயிறு அலாரத்தையும் நிறுத்திவிட்டேன், எனக்கும் அன்றைக்கு ஐந்து மணிக்கு எந்த வேலையும் இருந்ததில்லை.